வெளிவாசலில் கிடந்த கடிவாளம்

முருகா, பத்துமலை ஆண்டவா, இந்த அநியாயத்தை நீதான் கேக்கணும்! வாங்க கார்த்திகேசு, உக்காருங்க. அம்பாங்குல குதிரை பழக்குற மனுஷர், ஒரு சேணம் வாங்க பிரிக்பீல்ட்ஸ்ல இருக்குற என் கடை வரைக்கும் நேர்ல வரணும்னா, எனக்கு எதுக்கு இன்டர்நெட்ல ஒரு கடை? ரெண்டு வருஷமா ஒழுங்கா ஓடுன கடை. "தொண்ணூத்தொம்போதாம் வருஷம் வந்துருச்சு, புதுசா மாத்திடலாம்பா"ன்னா எம்மக ரமணி. மாத்தினா. மூணு வாரமா ஒரு ஆர்டர் இல்ல!

என்னது... அந்த இன்டர்நெட் கடையில கடிவாளமே காணோமா? பிரஷும் நைலான் கயிறும்தான் தெரிஞ்சுதா? இருக்கு, இருக்கு. கீழ போகணும். இன்னும் கீழ. பதினெட்டுத் துதிப் பாட்டு வரும், பொறுமையாத் தாண்டினா 'வெளிவாசல்'னு பொடி எழுத்துல ஒண்ணு இருக்கும். அதை அழுத்துங்க... சேணம், சாட்டை, கடிவாளம், எல்லாம் அங்கதான் இருக்கு லா!

யார் வச்சதா? அது... ரமணியத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்... ஆனா பொய் சொல்லக் கூடாது. எல்லாப் பக்கத்துலயும் மேல முருகன் படம் இருக்கணும்னு சொன்னது நான். போட்டதும் பாத்தா, வேலவன் திருவடிக்கு நேர் கீழ மாட்டுத்தோல் சேணம்! கோயிலுக்குள்ள செருப்போட போவீங்களா நீங்க? அதான், தோல் சாமான் அத்தனையும் வெளிய விடச் சொன்னேன். "நம்ம கடையே தோலுதாம்பா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. நான் கேக்கல.

சிரிங்க, சிரிங்க. அதுக்காக, பன்னெண்டு குதிரைக்கு வேண்டியதை இன்னிக்கே சிங்கப்பூர்க் கடைக்காரன்கிட்ட சொல்லிடுவேன்னு எந்திரிக்கலாமா? வருஷத்துலயே பெரிய ஆர்டர் அதுதான்யா! இருங்க...

என்ன கேட்டீங்க? குதிரை வியாபாரியா மதுரைக்கு வந்த சிவபெருமான் கையில இருந்த சாட்டை... எதால செஞ்சதுன்னா?

அறுவது வருஷமா அந்தக் கதையை உருகி உருகிப் படிக்கிறேன். குதிரையைப் பாத்தேன், அவர் அழகைப் பாத்தேன். அவர் கையில இருந்த தோல் சாட்டையைப் பாக்கலையே!

அம்மா ரமணி! வெளிவாசலைத் தூக்கிடு. எல்லாத்தையும் உள்ள கொண்டா. முருகன் கோவிச்சுக்கிட்டா, அவங்க அப்பாவைப் போய்க் கேக்கட்டும்!

இல்ல கார்த்திகேசு, இங்க வாயால சொல்லாதீங்க. வீட்டுக்குப் போய் இன்டர்நெட்லயே ஆர்டரை அனுப்புங்க, ரமணி கண்ணால பாக்கட்டும். அன்னிக்கு மதுரையில சிவபெருமான் குடுத்த குதிரை ராத்திரியே நரியாப் போச்சு, என் சேணம் அப்படிப் போகாது. நீங்க, உங்க குதிரைங்க, இந்தக் கிழவன் புலம்பலுக்குக் காது குடுத்த அத்தனை பேரும், வீழாம, நோகாம, வாழ்வாங்கு வாழணும்!