பதில் தட்டு

கிட்ட வாருங்கள் கண்ணுங்களா, இன்னும் கிட்ட... பயந்தால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் நாத்தனார் மருமகன் நீலமேகத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

விடியற்காலை ஐந்தரை. எர்ணாவூரின் பின்பக்கச் சாலை. ஒரு லாரி இல்லை, ஒரு நாய் இல்லை. கையில் ஸ்பேனரோடு நீலமேகம் ஓடுகிறான்...

அவனும் பகலவனும் தோஸ்துகள். அவர்களுக்கு வேலை கொடுத்த காண்ட்ராக்டர் வீட்டுக் கொல்லையில், பூவரசும் கொடுக்காப்புளியும் மண்டிய தோப்புக்குள், பழைய எண்ணெய்த் தொட்டி ஒன்று கிடந்தது. மாறி மாறி உள்ளே இறங்கித் துரு சுரண்டுவார்கள். மழைத்தண்ணீர் போகாதிருக்க, சாயங்காலம் இரும்பு மூடி போட்டு நட்டுகளை முடுக்கிவைப்பார்கள். மூடுமுன் சுத்தியலால் மூன்று தட்டு. உள்ளே ஆளிருந்தால் பதில் தட்டு வரும். வந்தால் மூடக்கூடாது.

ஆனால் அந்தத் தோப்பில் ஒரு மரங்கொத்தி இருந்தது. தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டதென்று எண்ணி, இவர்கள் தட்டும்போதெல்லாம் பட்டமரத்திலிருந்து அதுவும் தட்டும்.

“இன்னா மாமு, உன் ஆளு கூப்புடுது, போய்ப் பாரு,” என்பான் பகலவன்.

முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரம். டீ குடிக்கப் போன பகலவன் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டானென்று நீலமேகம் நினைத்தான். தட்டினான். பதில் வந்தது. “சும்மா கெட, பேஜாரு புடிச்ச பறவ,” என்று சிரித்தபடியே மூடியை முடுக்கினான்.

விடியுமுன் பகலவன் மனைவி பவானி வந்து கதறினாள். “அண்ணா, அவரு வூட்டுக்கே வர்ல!”

“நான் மூடறப்போ மரங்கொத்திதாம்மா தட்டுச்சு...”

“இன்னாண்ணா சொல்ற? வெளக்கு வெச்சப்புறம் அது பொந்துல அடங்கிடுமே!”

அப்படியானால் டீ குடித்துத் திரும்பியவன் உள்ளே இறங்கியிருக்கிறான்... அதனால்தான் அந்த ஓட்டம்.

தொட்டியைத் தட்டினான். உள்ளிருந்து... டொக். டொக். டொக்.

“கீறான்! உசுரோட கீறான்! நைனா, தட்டிகினே இரு!”

பன்னிரண்டு நட்டு. விரல் கிழிந்து, ரத்தத்தில் ஸ்பேனர் வழுக்கியது. தட்டு நிற்கவில்லை. கடைசி நட்டு கழன்றதும்... நின்றது.

மூடியைத் தூக்கினான். ஊசிப்போன எண்ணெய் நாற்றம். ஏணியில் சாய்ந்தபடி பகலவன். மேலே நீட்டிய கை விறைத்து, இரும்பைப் போலச் சில்லென்று இருந்தது.

காற்றில்லாமல், முந்தின இரவு எட்டு மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அந்தத் தோப்பில் இன்றும் மரங்கொத்தி இருக்கிறது. பட்டமரத்தைக் கொத்துகிறது. மரத்தூள் உதிர்கிறது... அன்றிலிருந்து சத்தம் மட்டும் வருவதில்லை.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள் பொழுதோடு திரும்பட்டும், கண்ணுங்களா. உங்கள் கதவைத் தட்டும் கை என்றைக்கும் சூடாகவே இருக்கட்டும்.