டிஎன்ஏ தண்ணி

ஹலோ... கோமளா அத்தையா? நான்தான் தேவிஸ்ரீ, யுனிவர்சிட்டி லேப்லருந்து பேசறேன்... ஆமா, ஆமா, சாப்பிட்டேன். அத்தை, கிளேபாங்ல கூட்டம் போட்டு டிஎன்ஏ தண்ணின்னு ஒருத்தர் விக்கிறாரே, அந்த வீடியோவுல என் போட்டோ எப்படி வந்துச்சு?... தெரியாதா? பின்னாடி உங்க வீட்டு கர்ட்டன் தெரியுது லா!

...யாரோ பேசற சத்தம் கேக்குதே? பக்கத்துல யாரு?... டிவியா? டிவி "சொல்லிடாதீங்க"ன்னு சொல்லுமா?... சேகரனா? அந்த வீடியோ ஆளா? அவருக்கு நம்ம வீட்டுல என்னா வேலை?... வேணாம், அவர்கிட்ட கொடுக்காதீங்க.

ஆமா, என் ஆராய்ச்சியைப் பத்தி உங்ககிட்ட நான் சொன்னேன்தான். டிஎன்ஏ ரெண்டு இழையா முறுக்கிட்டு இருக்கும், சில இடத்துல நாலு இழையா மடியும், சுத்தி இருக்கிற தண்ணியைப் பொறுத்து அது மாறும்னு சொன்னேன். தண்ணி குறைஞ்சாத்தான் அந்த மடிப்பு இறுகும், அத்தை. கூடினா இல்ல! அதுவும் லேப்ல என் டியூப்புக்குள்ள, உடம்புக்குள்ள இல்ல. போத்தல் தண்ணி குடிச்சா சுகர் எப்படிப் போவும்?... யாருக்குப் போச்சு?

...மாமாவுக்கா? இருங்க. மாமா இன்சுலின் போடறாரா இல்லியா?... நேரா சொல்லுங்க... நிறுத்திட்டாரா! யாரு சொல்லி?... என் பேரைச் சொல்லியா? நான் சொல்லிட்டேன்னா சரியாத்தான் இருக்கும்னாரா... ஐயோ மாமா.

போனை அவர்கிட்ட கொடுங்க... தூங்கறாரா? காலையிலருந்தா?... தாகம் தாகம்னு அதையே குடிச்சாரா?... அந்தத் தாகம் தண்ணி வேலை செய்யறதால இல்ல அத்தை, சுகர் ஏறுது! வாந்தி எடுத்தாரா?... எழுப்புங்க. கன்னத்துல தட்டுங்க... முனகறாரா?... சுகர் மெஷின் எடுங்க, விரல்ல குத்துங்க... ம்... ம்... நம்பர் வரலியா? என்னா காட்டுது?... இங்கிலீஷ்ல "எச்", "ஐ"ன்னு ரெண்டு எழுத்தா?... மெஷின் கெட்டுப் போவல. அது காட்ட முடியாத அளவுக்கு ஏறிடுச்சு.

இல்ல இல்ல, வாயில எதையும் ஊத்தாதீங்க! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க... என்னா சொல்றாரு அவரு? நச்சு வெளியாவுதா? ஸ்பீக்கர்ல போடுங்க. மிஸ்டர் சேகரன், உங்க வீடியோவுல இருக்கிற பொண்ணு நான்தான் பேசறேன். போயி கேட்டைத் திறந்து வைங்க, ஆம்புலன்ஸ் வரணும்... ஹலோ?... மோட்டார் சைக்கிள் சத்தமா அது?... போயிட்டாரா?... போவட்டும், விடுங்க. பக்கத்து வீட்டு தனபாலன் அண்ணனைக் கூப்பிடுங்க.

அழாதீங்க அத்தை, உங்க தப்பை அப்புறம் பேசலாம். நான் கிளம்பிட்டேன். மாமா காதுல சொல்லுங்க, தேவிஸ்ரீ வர்றான்னு... இல்ல, முதல்ல ஆம்புலன்ஸுக்கு 999. இதைக் கட் பண்ணிட்டு அடிங்க... வைக்கிறேன். வைங்க அத்தை!