ரத்தம் பார்த்து உப்பு கொடுத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, செம்மொழி அம்மாவின் துணைவர் இனியவன் அவர்களே, நடவைப் பாதியில் விட்டு வலங்கைமானுக்கு வந்திருக்கும் உறவுகளே! அம்மாவோடு பணியாற்றிய மருத்துவர் அக்ஷய் பேசுகிறேன்.

மனநல மருத்துவர் செம்மொழி நம்மிடையே இல்லை. வெறிகொண்ட உற்சாகமும் படுக்கவைக்கும் சோர்வும் மாறிமாறி ஆட்டும் இருமுனை நோய்க்கு இங்கே முன்பு என்ன இருந்தது? சங்கிலி இருந்தது! பிறகு ஆளை மரக்கட்டையாக்கும் ஊசி வந்தது. அம்மாதான் லித்தியம் என்ற உப்பை நம்பிக் கொடுத்தார்.

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் அதன் பலனைக் கண்டறிந்தார். அதே ஆண்டு அமெரிக்காவில், சமையல் உப்புக்குப் பதிலாக அதை அளவின்றி உண்ட இதய நோயாளிகள் சிலர் இறந்தனர். அந்தப் பயத்தில் அங்கே இருபது ஆண்டுகள் அம்மருந்து முடங்கியது.

அதே பயம் நம் ஊருக்கும் வந்ததே! இராஜாங்கம் முன்வரிசையில் இருக்கிறார். அவர் சம்மதித்ததால் சொல்கிறேன். லித்தியத்தால் நலமாக இருந்தவர், வேண்டுதலுக்காக உப்பில்லாமல் சாப்பிட்டார். சித்திரை வெயிலில் வேலையும் செய்தார். கை நடுங்கியது, நாக்கு குழறியது. நோய் திரும்பிவிட்டதென்று வீட்டில் இன்னொரு லித்தியம் மாத்திரை கொடுக்க இருந்தார்கள். ஓடிவந்த அம்மா தட்டிவிட்டார்.

"குடுக்காதீங்க! உடம்புல உப்பு கொறஞ்சா இந்த மருந்து ரத்தத்துல ஏறிடும்!"

தஞ்சாவூரில் சேர்த்துக் காப்பாற்றினோம். ஆனால் அவர் மனைவி அம்சம், "இனி அந்த வெஷம் வேண்டாங்க" என்று மருந்தை நிறுத்திவிட்டார். ஐப்பசியில் ஆறு நிரம்பி ஓடும்போது இராஜாங்கம் மதகுச் சுவரில் ஏறி நின்றார். தண்ணீர்மேல் நடப்பேன் என்று கத்தினார். நெருங்கியவர்களைப் பார்த்ததும் விளிம்புக்குப் போனார். அம்மா எல்லோரையும் விலக்கிவிட்டுத் தனியே நின்றார்.

"கட்டிப்போட மாட்டேன் இராஜாங்கம். யாரையும் கட்ட விடவும் மாட்டேன். எறங்கி வாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் இறங்கி வந்தார். அம்மா குறைந்த அளவில் அதே மருந்தை மீண்டும் தொடங்கினார். மருந்து ரத்தத்தில் ஏறிவிடாதபடி தவறாமல் ரத்தம் பார்த்தார். இராஜாங்கம் இந்த ஆண்டும் நடவு முடித்துவிட்டார்.

அம்மா போனபின் சிலர் மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். துக்கத்தைவிட அதுதான் என்னை நடுங்க வைக்கிறது. நிறுத்தாதீர்கள்! அவர் பணியை நான் தொடர்வேன். இது என் உறுதி. இந்தக் கூட்டம் முடிந்ததும் ஆய்வகத்தைத் திறக்கிறேன். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போகுமுன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள்.