முட்டிக்கு அடியில் ஒரு தலகாணி

— அழுத்துங்கம்மா. முட்டியோட பின்பக்கம் மெத்தையைத் தொடணும். இன்னும்... இன்னும் கொஞ்சம்.

— இதுக்கு மேல போகாது கண்ணு. உசிரு போகுது. உனக்கு இருக்கறது கையா, இடுக்கியா?

— இடுக்கியைப் பத்தி என்கிட்ட கேளு. ஒர்க்‌ஷாப்ல ஃபோர்மேனா இருந்தவன் நான். இந்த பிசியோதெரபிப் பொண்ணு பிடிக்கிறது பத்தாது.

— ஏங்க, நீங்க வேற சும்மா இருங்க.

— பாருங்கம்மா, அடில என் கை முழுசா உள்ள போகுது. போன வாரம் ரெண்டு விரல்தான் போச்சு. நாளாக நாளாக கால் நீளணும். உங்களுக்கு மடங்கிக்கிட்டே வருது.

— நான் சொல்றேன் கேளும்மா. அந்த டாக்டர் புது முட்டியை ஒழுங்கா மாட்டல. புது பேரிங் போட்டா வண்டி வழுக்கிக்கிட்டு ஓடணும். இது முனகுது.

— டாக்டர் மேல தப்பே இல்ல ஃபோர்மேன் சார். எக்ஸ்ரேயைப் பாத்துட்டுத்தான் வர்றேன். போட்ட முட்டி கச்சிதமா உக்காந்திருக்கு. சுத்தி இருக்கிற சதைதான் இறுகுது. அம்மா, நான் சொல்லிக் குடுத்த பயிற்சியெல்லாம் செய்றீங்களா?

— செய்றா, செய்றா. பக்கத்துலயே நின்னு செய்ய வைக்கிறேன்.

— அவங்ககிட்ட கேட்டேன் சார்.

— செய்றேன் கண்ணு. அவரு நிக்கும்போது செய்யாம இருக்க முடியுமா?

— அப்போ எங்கயோ இடிக்குதே. ராத்திரி எப்படிப் படுக்குறீங்க?

— அதையும் என்கிட்ட கேளு. மகாராணி மாதிரி படுக்குறா! முட்டிக்கு அடில நல்ல இலவம்பஞ்சுத் தலகாணி. நானே கடை கடையா ஏறி அமுக்கிப் பாத்து வாங்கினது. நடுவுல நழுவிச்சுன்னா எந்திரிச்சு சரி பண்ணிடுவேன். விடியற வரைக்கும் ஒரு முனகல் வராது.

— முட்டிக்கு அடிலயா? தினமுமா சார்?

— ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னைலேர்ந்து. ஏன் அப்படிப் பாக்குற?

— சார்... அதுதான் சார் காரணம். முட்டிக்கு அடில எதையுமே வைக்கக் கூடாது. அந்த நேரத்துக்கு சுகமாத்தான் இருக்கும். ஆனா விடிய விடிய மடிஞ்சே கெடந்தா கால் அப்படியே இறுகிடும். பகல்ல நான் போராடி நீட்டுறதை...

— நான் ராத்திரி மடக்கிடுறேனா?

— தெரியாமதானே சார் செஞ்சீங்க.

— எனக்கு யாரு சொன்னா? ஏம்மா, ஒருத்தராவது சொன்னீங்களா? வலில துடிச்சா. சின்னப் புள்ள மாதிரி தலையை உருட்டினா. நல்லதுன்னுதானே... என் கையாலயேவா கெடுத்தேன்?

— ஏங்க, விடுங்க. போய் ஐஸ் பையை எடுத்துட்டு வாங்க. ஃப்ரிட்ஜுல மேல இருக்கு.

— ம்... எடுத்துட்டு வர்றேன். என் கையாலயேவா!

— பாவம்மா, மனுஷன் கலங்கிட்டாரு.

— கலங்கட்டும்.

— அம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. ஆப்பரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு வகுப்பு எடுத்தோமே, அது நான்தான் எடுத்தேன். எல்லாரும் வீட்டாளுங்களோட வந்திருந்தாங்க. நீங்க தனியா முன்னாடி உக்காந்திருந்தீங்க. தலகாணி விஷயத்தை அன்னைக்கே படிச்சுப் படிச்சு சொன்னேன். நீங்க தலைய ஆட்டினீங்க.

— ஞாபகம் இருக்கு.

— அப்போ தெரியுமா உங்களுக்கு?

— தெரியும்.

— தெரிஞ்சேவா விட்டீங்க? இது இப்படியே இறுகிட்டா ஆயுசுக்கும் நொண்டித்தான் நடக்கணும். அந்தப் பக்கத்து முட்டியும் சேந்து போயிடும். மறுபடி கத்தி வைக்கிற நிலைமைகூட வரலாம். எதுக்கும்மா இத்தனை வலியும் பட்டு ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டீங்க?

— தனியா தெருமுனை வரைக்கும் போய் வரணும்னுதான். யாரையும் கேக்காம.

— அப்புறம் என்ன?

— வீட்டுக்கு வந்த அன்னைக்கு அந்தத் தலகாணியைக் கொண்டு வந்தாரு. என் பாதத்தை ரெண்டு கையாலயும் தூக்கினாரு, கண்ணாடி சாமானைத் தூக்குற மாதிரி. வலிக்குதான்னு கேட்டாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த வார்த்தையை அவரு வாயால நான் கேட்டதில்ல கண்ணு. வேணாம்னு சொல்ல நாக்கு எழும்பல. மறுநாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாளும் வந்து கேட்டாரு.

— கால் கோணிட்டு வர்றது தெரியலியா?

— தெரியாம என்ன. கோணட்டும்னு கெடந்தேன். எப்படா பொழுது சாயும்னு இருக்கும் எனக்கு. அவருகிட்ட மட்டும் சொல்லிடாத கண்ணு.

— என்னம்மா இது... சரி, சொல்லல. ஆனா தலகாணி இன்னையோட நிக்கணும்.

— இந்தாம்மா ஐஸ். இனிமே என்ன செய்யணும், சொல்லு. எதுவா இருந்தாலும் செய்றேன்.

— இனிமே குதிகாலுக்கு அடிலதான் சார் வைக்கணும். முட்டிக்கு அடில ஒண்ணும் இருக்கக் கூடாது, அந்தரத்துல நிக்கணும். அப்போதான் தானா நீளும். ஆனா வலி தாங்க முடியாது. கத்துவாங்க. எடுத்துடுங்கன்னு உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சுவாங்க. நான் சொல்ற நேரம் வரைக்கும் எடுக்கவே கூடாது.

— அழுவாளா?

— அழுவாங்க சார்.

— அழ அழ நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா? என்னால ஆகாதும்மா. வேற யாரையாவது ஏற்பாடு பண்ணு.

— வேற யாரும் வேணாம் கண்ணு, அவரால ஆகும். என்னை அழ வெச்சுட்டு பக்கத்துல நின்னு பாக்குறது அவருக்குக் காலங்காலமா பழக்கம்தான். தலகாணி வைக்கத்தான் புதுசாக் கத்துக்கிட்டாரு.