கூடாரத்துக்கு ஓர் இடம்

— அதுக்குத்தான் சொல்றேன் காளியப்பா, ஃபாரஸ்ட்டு கார்டு குப்புராஜ் வந்து கேட்டா மேல இருக்கற தண்ணி ஊத்தைப் பத்தின பேச்சையே எடுக்காத. வருசா வருசம் வர்ற துரை அங்க கூடாரம் அடிச்சா, நாம காட்டைத் திருத்தி ராகி போட்டது தெரிஞ்சுபோவும்.

— தெரிஞ்சா என்னக்கா, திட்டுவாரு. வாங்கிக்கலாம்.

— திட்டிட்டுப் போனா பரவால்லியே. பயிரைப் புடுங்கிப் போட்டுக் கேசு எழுதுவாங்க. வருசம் பூரா ரெண்டு வூட்டுப் புள்ளைங்களும் கெழங்கு தோண்டித்தான் திங்கணும். அதோ வராரு. முழிக்காத.

— என்ன சாலம்மா, அக்காளும் தம்பியும் ரகசியம் பேசறீங்க?

— எங்ககிட்ட என்னங்க ரகசியம், கார்டய்யா. ரொம்ப தூரம் நடந்தாப்பல இருக்குது.

— கூடாரம் போட எடம் பாக்கச் சொல்லி உத்தரவு. மூங்கப்பள்ளம் எப்படி?

— அங்க ஆனை எறங்குதுங்க.

— புளியமரத்தடி?

— தேனீங்க. போன மாசம் இவன் மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கிப்போச்சு. சொல்றா.

— ஆமாங்க. பூசணிக்காய்.

— மேல ஒரு ஊத்து இருக்குதுன்னு பென்னாகரத்துல சொன்னாங்களே?

— அதுங்களா. அது வத்திப்போச்சுங்க. புலி வேற நடமாடுது.

— வத்தின ஊத்துல புலிக்கு என்ன வேலை?

— அதைத்தாங்க நாங்களும் கேட்டுக்கிட்டிருக்கோம்.

— சரி, நீயே ஒரு எடம் சொல்லு.

— கல்லுமேடுங்க. நல்ல காத்து. பாம்பு ஒளியறதுக்கு ஒரு செடிகூடக் கெடையாது.

— தண்ணி?

— ஆத்துக்கு எறங்கணுங்க. போக வர ரெண்டு மைலு.

— ம். கல்லுமேடு. எழுதிக்கிட்டேன்.

— துரை எப்பங்க வராரு?

— துரையா? அவரு எங்க வராரு. மேட்டூர்ல அணையைக் கட்டிட்டாங்கல்ல, ஆத்துத் தண்ணி மேல ஏறுது. கீழ ஒரு ஊரே முழுகுது சாலம்மா. நாப்பது குடும்பம். வேற எடம் கெடைக்கற வரைக்கும் இங்க கூடாரத்துல வெக்கச் சொல்லியிருக்காங்க.

— நாப்பதா?

— கெழம் கட்டை, கைக்கொழந்தை எல்லாந்தான். நேத்து வர்ற வழியிலயே மாட்டுவண்டியில ஒருத்தி பெத்துட்டா. பொட்டப்புள்ள.

— அக்கா, வா வூட்டுக்குப் போவலாம்.

— இருடா. ஏங்க, பெத்த உடம்போட அவ எப்படிங்க ரெண்டு மைலு தண்ணி தூக்குவா?

— என்னைக் கேட்டா? இந்தக் காட்டுல பொறந்தவ நீ. நீ சொன்னதைத்தான் எழுதினேன்.

— வேணாம்க்கா. நம்ம புள்ளைங்களை நெனச்சுப் பாரு.

— நெனச்சுட்டேன். கார்டய்யா, எழுதினதை அடிச்சுடுங்க. வாங்க, ஊத்தைக் காட்டறேன். பக்கத்துலயே ஒரு ராகிக் கொல்லை இருக்கும், அது எங்களுதுதான், அதையும் எழுதிக்கங்க.