பூட்டுக்காரர் தொடுத்த வழக்கு

மார்ச் மாதம் பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகலில், அழைப்பாணை என்னிடம் முறைப்படி கொடுக்கப்பட்டது. கொண்டுவந்த நீதிமன்ற ஊழியர் உள்ளே வருமுன் மிதியடியில் செருப்பை ஒழுங்காகத் துடைத்தார். பாராட்டினேன். அவர் போகிற வீடுகளில் பாராட்டுக் கிடைப்பதில்லை போலும், சற்றுத் திகைத்துவிட்டார்.

வாதி, அடுத்த வீட்டுப் பூட்டுக்காரர். மனைவியை இழந்தவர், கடைத்தெருவில் பூட்டு விற்பவர், பழுதுபார்ப்பவர். அவருடைய புகார் இது: எங்கள் இரு வீடுகளுக்கும் பொதுவான சந்தின் இரும்புக் கதவை நான் பூட்டிவிட்டேன். அவர் வீட்டுக்கு வண்டி வர அது ஒன்றே வழி. ஆகவே வீட்டை வாங்க எவரும் முன்வரவில்லை. விற்றுவிட்டு வெளியூரில் இருக்கும் மகளோடு போய் வாழ அவரால் இயலவில்லை.

அனைத்தும் உண்மை. வீட்டை விற்கப்போவதாக அவர் சொன்ன மறுநாள், அவர் கடையிலேயே பூட்டு வாங்கினேன்.

"நல்ல பூட்டா எடுங்க" என்றேன்.

"இதைத் திறக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆகும் டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

என் அண்ணன் மகள் வழக்கறிஞர். அழைப்பாணையைப் படித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அத்தை, முப்பது நாளுக்குள்ள பதில் போடணும். இல்லேன்னா உங்களைக் கேக்காமலே தீர்ப்பு சொல்லிடுவாங்க."

"என்னைக் கேக்காமயா? அவ்வளவு தைரியமா அவங்களுக்கு?"

"அவர் சொல்ற ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மறுப்பு எழுதணும். மறுக்காம விட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

சட்டத்தில் இத்துணை ஒழுங்கான விதி இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மறுத்தேன், சந்து பொதுவானது என்பதையும், அதற்குக் கதவு உண்டு என்பதையும்கூட.

"கதவு இருக்கிறதையாவது ஒத்துக்குங்க அத்தை. ஜட்ஜ் சிரிப்பார்."

கதவை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

இவ்வழக்கில் ஒரு விநோதம் உண்டு. அடுப்பில் பால் பொங்குவதற்குள் அந்தப் பூட்டை அவர் திறந்துவிடுவார். ஆனால் திறக்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். மதிலோரம் நின்று காரணம் கேட்டேன்.

"உங்க பூட்டு டீச்சர். நீங்க சொல்லாம நான் கைவைக்கலாமா?"

"அப்போ மககிட்ட போக அவசரமில்லைன்னு சொல்லுங்க."

அவர் பதில் சொல்லாமல் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுக்கப்படாதது ஒப்புக்கொள்ளப்பட்டதாகும்.

வழக்கு நடந்துகொண்டிருக்கையில் அவர் மகள் கருவுற்றாள். தாயில்லாத பெண், தலைப்பிரசவத்துக்கு அப்பா பக்கத்தில் இருக்க வேண்டுமென்று கேட்டிருந்தாள். மருத்துவர் குறித்த தேதியை அவரே மகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னார். அவர் சாட்சி சொல்ல வேண்டிய விசாரணையை, என் உடல்நிலையைக் காரணம் காட்டி, அந்த வாரத்துக்கு மாற்றச் செய்தேன். என் உடல்நிலை நன்றாகவே இருந்தது. அண்ணன் மகளுக்கு இது தெரியாது. அவளைக் குறை சொல்ல வேண்டாம்.

விசாரணையன்று அவர் சட்டைப் பித்தான் ஒன்று இடம் மாறியிருந்தது. சுட்டிக்காட்டினேன், சரிசெய்துகொண்டார். நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தோம். குழந்தையின் படம் அவர் கைப்பேசிக்கு அங்கேதான் வந்தது. பெண் குழந்தை.

"மூக்கு என்னை மாதிரியே இருக்கு, பாருங்க டீச்சர்."

"பாவம்" என்றேன்.

வழக்கமாக இதற்குச் சிரிப்பார், அன்று சிரிக்கவில்லை. படம் மிகத் தெளிவாக இருந்தது. நேரில் போயிருந்தாலும் இதைவிடத் தெளிவாகத் தெரிந்திராது.

நேற்றுத் தீர்ப்பு வந்தது. பூட்டை நான் அகற்ற வேண்டும். சந்தில் இனி எந்தத் தடையும் வைக்கக் கூடாது.

"விட்டுடுங்க அத்தை. அந்த மனுஷன் போய்ப் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சட்டும்" என்றாள் அண்ணன் மகள்.

மேல்முறையீடு செய்வதென்று முடிவெடுத்து, இன்று காலை கையெழுத்திட்டுவிட்டேன். அவருக்குப் போக விருப்பமில்லை என்பதை, அவர் சார்பில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.