புளியந்தாங்கலில் கிணறு இல்லை

இந்தக் காலத்தில் யாரும் வழி கேட்பதில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்குகிறவன், எதிரில் ஆள் நின்றாலும் செல்போனைத்தான் பார்க்கிறான். அது ஏரிக்குள் போகச் சொன்னால் போகிறான். அப்புறம் ஏரியைத் திட்டுகிறான்.

ஐயா, நான் சொல்வதைச் சொன்னபடி எழுதுங்கள். இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் எழுதினதால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். வேறு எவனோ சொன்னதை என் பெயரில் ஒட்டிவிடாதீர்கள்.

பெயர் தணிகாசலம். வயது எழுபத்திரண்டு. ஊர் புளியந்தாங்கல். வடக்குப்பட்டுக்குக் கிழக்கே, கம்பெனிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாற்பது வீடு.

போன வருஷம், 2012 ஆடியில், ரேஷன் கார்டு விஷயமாகச் சுங்குவார்சத்திரம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் பிரவீனா, "தாத்தா, உங்க ஊரப் பத்தி கவர்மெண்டு வெப்சைட்ல போட்டுக்கீறாங்க" என்று படித்துக் காட்டினாள். புளியந்தாங்கல் மக்களின் முக்கியத் தொழில் மீன்பிடித்தல். ஊர் மலைமேல் பழைய கோட்டை ஒன்று உள்ளது. ஊரில் கிணறுகள் இல்லை.

எங்கள் ஊரிலிருந்து கடல் ஒரு பகல் நடை. மலை என்று எதையாவது சொல்வதென்றால் கம்பெனிக்காரன் கொட்டிய மண்மேட்டைத்தான் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணும் நானும் சிரித்தோம். கடைசி வரிக்கு மட்டும் நான் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கிணறு இருக்கிறது. அதை வெட்டியது என் தம்பி மாரி. பஞ்ச வருஷம். நாற்பதடி போனபோது பக்கம் சரிந்து அவனை மூடிக்கொண்டது. மூன்றாம் நாள்தான் எடுத்தோம். அவனை எடுத்த குழியில்தான் ஊற்று வந்தது. முப்பது வருஷம் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்தது. கம்பெனிகள் போர்வெல் போட்ட பிறகு வற்றி, இப்போது அடியில் வெறும் சேறு. பாழான கிணற்றுக்கு வருஷாவருஷம் முள் வெட்டிப் போட்டு மூடுவது எங்கள் ஊர் வழக்கம். மாடு கன்று விழக் கூடாது. அது என் வேலை. தம்பிக்கு நான் கொடுக்கிற திவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனு கொடுத்தேன். அது சுற்றிச் சுற்றி, அந்தப் பக்கத்தை எழுதினவன் கைக்கே போய்ச் சேர்ந்தது. திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்புகிற ஆபீஸ். அவன் பெயர் நம்பிராஜன். திருநெல்வேலிப் பக்கம், முப்பது வயது, காண்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை. வந்தவன் டீக்கடையோடு திரும்பிப் போனான். நேரில் ஆய்வு செய்யப்பட்டது, கிணறு இல்லை என்று எனக்குக் கடிதாசி வந்தது.

மறுபடி மனு. மறுபடி அவனே. இந்தத் தடவை டீக்கடையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"முந்நூறு ஊரு ஐயா, ஒரே வாரத்துல டைப் அடிச்சேன். ஒரு ஊரு விவரம் கிடைக்கலன்னா இன்னொரு ஊரத எடுத்துப் போட்டுருவோம். யாரு படிக்கப் போறா?"

"நான் படிச்சேன்."

"நீங்க எங்க படிச்சீய? யாரோ படிச்சுல்லா காட்டியிருப்பாவ."

கடையே சிரித்தது.

"சரி, மாத்திட்டுப் போயேன்."

"அப்படில்லாம் மாத்த முடியாது ஐயா. மேல இருந்து வரணும்."

"மேலேர்ந்து இன்னா வரும், மழையா?"

அதற்கு அவனும் சிரித்தான். நாளைக்கு வந்து அந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து மனுவை முடித்துவிடுகிறேன் என்றான். கெட்டவன் இல்லை. எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். பெண்டாட்டி இசக்கிசெல்வி மாசமாக இருக்கிறாள் என்றான்.

அன்று சாயங்காலம் முள்ளையெல்லாம் இழுத்து ஓரம் போட்டேன். கிணற்று வாயில் பனையோலை பரப்பி, மேலே மண்ணைத் தூவினேன். வெப்சைட்டில் இருக்கிறபடி இடத்தைச் சரிசெய்து வைத்தேன், அவ்வளவுதான்.

காலையில் வந்தான். நீங்கள் பிற்பாடு கண்டெடுத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த அந்த வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினான். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

"எங்க ஐயா கிணறு? வெறுந்தரைல்லா கெடக்கு."

"இன்னும் நாலடி போய்ப் பாரு" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கிணறு இருக்கிறது என்றுதான் கடைசி வரை சொன்னேன். நம்பாதவன் அவன்.

கால் முறிந்திருக்க வேண்டும். செல்போன் சேற்றில் புதைந்துவிட்டது. உயிர் இருந்தது. கரையில் குந்திக்கொண்டு மாரியின் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். நடுநடுவே கத்தினான். பக்கத்துக் கம்பெனி ஜெனரேட்டர் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். குரல் கம்மிப் போயிருந்தது.

"இப்போ சொல்லு, எங்க ஊர்ல கிணறு கீதா?" என்று கேட்டேன்.

"இருக்கு ஐயா. இருக்கு. மாத்திருதேன். உங்க தம்பி பேரையும் போட்டுருதேன்."

பயந்தவன் எதையும் சொல்வான். கயிறு போட்டுத் தூக்கினால், டீக்கடையில் உட்கார்ந்து வேறு மாதிரி எழுதுவான். எழுதுகிறவன் பேச்சை நம்பி நான் என்னத்தைக் கண்டேன்? மாடு கன்று விழுந்துவிடக் கூடாதே என்று, முள்ளைப் பழையபடி இழுத்துப் போட்டு மூடிவிட்டு, வீட்டைப் பார்க்க நடந்தேன்.